சர்பத் கடைக்கு வந்த அழைப்பு

போன வருஷம் பங்குனி மாதம். என் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். சண்டை நடக்கும் கடல் பகுதியைத் தாண்டப் போகிறோம், கொஞ்ச நாள் பேச முடியாது என்று சொல்லியிருந்தார். அவர் சொன்ன நாளும் கடந்துவிட்டது, தகவலே இல்லை. தூத்துக்குடி வீட்டில் நான் சமைப்பதும், தொடாமல் மூடி வைப்பதுமாக இருந்தேன்.

இதைப் பார்த்த கணவரின் அக்கா, ஞாயிறு பூசை முடிந்ததும் காரோடு வந்து நின்றார். "வீட்டுக்குள்ளயே கெடந்தா கிறுக்கு புடிச்சிரும் ஏளா. எட்டயபுரம், கயத்தாறுன்னு பாத்துட்டு வருவோம், கெளம்பு."

எட்டயபுரம் மணிமண்டபத்தைச் சுற்றினேனே தவிர எதுவும் மனதில் ஒட்டவில்லை. படங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு போனைத்தான் பார்த்தேன். சார்ஜ் தீரப்போனது. சாலையோரச் சர்பத் கடை அக்கா, தன் கடையிலேயே சார்ஜ் போட இடம் கொடுத்தார். அந்த ஐந்து நிமிடம்கூட என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், போனைத் தொட்டுப் பார்த்தேன். கடைசியில், "போவோம் மதினி" என்று நானே அவசரப்படுத்திக் காரில் ஏறினேன். பல நாள் தூக்கம் அப்போதுதான் வந்து அமுக்கியது.

கயத்தாறு நினைவிடத்து வாசலில் விழித்துப் பையைத் துழாவினால், போன் இல்லை! மதினியின் போனிலிருந்து அழைத்தேன். 'வேறொரு அழைப்பில் உள்ளார்' என்றது. என் போனில் யார், யாரோடு பேசுகிறார்கள்? மறுபடி, மறுபடி அழைத்தேன். ஒருவழியாக மணி அடித்தது. எடுத்தது சர்பத் கடை அக்கா.

"யம்மா, பதறாம வாங்க. உங்க வீட்டுக்காரருதான் பேசினாரு. நல்லாருக்காரு."

அந்த வெயிலில், நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். மதினி என்னைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடையில் கூட்டம். அந்த அக்கா பழத்தைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நீளமா ஒரு நம்பர் வந்திச்சு. நீங்க போனையே பாத்துக்கிட்டுத் தவிச்சதக் கண்டேன்லா? விட்டா மறுபடி கெடைக்குமோ என்னமோன்னு எடுத்துட்டேன். கப்பலு கரைக்கு வந்துட்டாம். அடுத்தவுக போனாம், ரெண்டு நிமிஷந்தானாம். நாளைக்குப் பேசுதேன்னு சொன்னாரு."

"குரல் எப்படியிருந்துச்சு அக்கா?"

"தொண்டை கட்டியிருந்திச்சு. சாப்பிட்டீயளான்னு கேட்டேன், சாப்பிட்டாராம். நீங்க யாருன்னு கேட்டாரு. சர்பத்து கடைக்காரி, உங்க சம்சாரம் சர்பத்தக் குடிக்காமப் போயிட்டாவன்னு சொன்னேன். சிரிச்சிட்டாரு."

சிரித்தார் என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சே சீராக வந்தது. அவர் குரலை நான் கேட்க முடியாமல் போன ஏக்கம் இருந்தது. ஆனால் நான் எடுத்திருந்தால் அந்த இரண்டு நிமிடமும் அழுதே தீர்த்திருப்பேன், சாப்பிட்டாரா என்று கேட்டிருக்க மாட்டேன்.

இப்போது அவர் மறுபடியும் கப்பலில்தான் இருக்கிறார். என் மனமும் மறுபடி அலைபாயத்தான் செய்கிறது. ஆனாலும், பேரே தெரியாத ஒருத்தி என் தவிப்பைக் கண்டுகொண்டு, எனக்குப் பதிலாக என் கணவரிடம் நலம் விசாரித்தாள் என்பதை நினைக்கும்போதெல்லாம், இந்தப் பயத்தில் நான் தனியாக இல்லை என்று தோன்றுகிறது.