குழுவில் கேட்ட கேள்வி

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கம் நாங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றுதான். தொழிற்சாலைக்குப் போகும் பாதையின் மேல் வளைவு. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வளைவில், ஒரு கையில் குடையும் மறு கையில் கைபேசியுமாக, அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தபடி அவர் நின்ற நிற்புதான்.

அவர் என் சொந்த அக்கா அல்ல. சமூகவியல் விரிவுரையாளர். அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து படித்து வந்தவர். நான் றொசல்ல ஊர்க்காரி, புவியியல் படித்து, வரைபடம் போடுகிற வேலைக்காக அந்த ஆய்வில் சேர்ந்தேன். பொதுச் சுகாதார டொக்டர் ஒருவரும் இருந்தார். எங்கள் மூவரையும் சேர்த்தவர் மண்ணியல் பேராசிரியர். மலைச்சரிவு, லயத்து வீடு, குடிதண்ணீர், நோய் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்பது அவருடைய கனவு. அதில் பொய் இல்லை. ஆனால் நான்கு பேரும் நான்கு ஊரில் இருந்தோம். ஆகவே ஒரு வாட்ஸ்அப் குழு, எல்லாரும் எழுதக்கூடிய ஓர் இணையக் கோப்பு, இரண்டும்தான் எங்கள் ஆய்வுகூடம் என்று அவர் அறிவித்தார். அவருக்கும் டொக்டருக்கும் தமிழ் தெரியாது என்பதால் குழுவின் மொழி ஆங்கிலம்.

ஒரு சொல்லுக்கே நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் 'கிராக்', அதாவது வெடிப்பு, என்றால் பேராசிரியருக்கு நிலத்தில் விழும் பிளவு. டொக்டருக்குக் கொழுந்து பறிக்கிற பெண்களின் குதிகாலில் வருவது. அக்காவுக்கு, லயத்துச் சுவரில் பழைய பத்திரிகை ஒட்டி மறைத்து வைத்திருப்பது. கோப்பில் காலையில் ஒருவர் எழுதிய விளக்கத்தை மாலையில் இன்னொருவர் அழித்திருப்பார். குழுவிலோ பூப்படத்தோடு காலை வணக்கம், மாநாட்டு அறிவிப்பு, யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து. இவற்றுக்கு நடுவே நான் அனுப்பிய வரைபடத்தை நானே தேடி எடுக்கவேண்டியிருந்தது.

"இது ஆராய்ச்சியா சந்தையான்னு தெரியல புள்ள," என்றார் அக்கா ஒருநாள். "எல்லாரும் பேசுறாங்க. காது குடுக்குற ஆள் ஒருத்தரையும் காணோம்."

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. லயத்து மக்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே தமிழில் குழுவில் போடுவார். அவருடைய துறையில் அந்தச் சொற்கள்தான் தரவு. பேராசிரியர் அவற்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் படித்து, ஒரு கட்டைவிரல் குறி வைப்பார்.

அந்த வருட மழையில், பல்கலைக்கழகத்தில் இருந்த அக்காவுக்கு லயத்திலிருந்து ஒரு பெண் பேசியிருக்கிறார். அக்கா வழக்கம்போல அதை அப்படியே குழுவில் போட்டார்: "வீட்டுக்குப் பின்னால வெடிப்பு பெருசாயிருக்குங்க. சாமான கட்டவா, இருக்கவா?" கீழே பேராசிரியரின் பெயரைக் குறித்து, பதில் சொல்லுங்கள் சேர் என்றும் எழுதினார்.

இயந்திர மொழிபெயர்ப்பு வெடிப்பைக் குண்டுவெடிப்பாக மாற்றிவிட்டது. டொக்டர் திகைத்த முகம் ஒன்றைப் போட்டார். அது குண்டு அல்ல, நிலப்பிளவு என்று நான் திருத்தி எழுதினேன். பேராசிரியர் பதில் போட்டார். மிக நல்ல மேற்கோள், மக்கள் ஆபத்தை எப்படி உணர்கிறார்கள் என்ற பகுதியில் சேர்க்கலாம் என்று. அவ்வளவுதான். அடுத்த செய்தி, கட்டுரையில் யார் பெயர் முதலில் வருவது என்பது பற்றியது. அதற்கு எல்லாரிடமும் கருத்து இருந்தது. செய்திகள் மளமளவென்று வந்து விழுந்தன. நான் பேராசிரியருக்கு அழைத்தேன். கூட்டத்தில் இருக்கிறேன், குழுவில் எழுதுங்கள் என்று குறுஞ்செய்தி வந்தது.

அக்கா அதற்குமேல் காத்திருக்கவில்லை. பஸ் ஏறித் தோட்டத்துக்குப் போய்விட்டார். நிலத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? நிச்சயமாக எதுவும் தெரியாது. தெரியாததால்தான் கேட்டார். ஆனாலும் வேலை மேற்பார்க்கும் கண்டாக்கையாவோடு சண்டை போட்டுத் தோட்டப் பள்ளிக்கூடத்தைத் திறக்கவைத்து, ஓரத்து வீட்டுக்காரர்களை அங்கே கூட்டிப்போனார். முணுமுணுத்தபடிதான் போனார்கள். மறுநாள் மேடு சரிந்தது. அடுப்போடு இரண்டு வீட்டுக் குசினிகளும் ஒரு கோழிக்கூடும் மண்ணுக்குள் போயின. ஆட்களுக்கு ஒன்றுமில்லை.

சேதி கேட்டு நான் போனேன்; பேராசிரியரும் அன்றே வந்துவிட்டார். மழையில் முழங்கால் வரை சேறாகி, மேட்டை அளந்தார், படமெடுத்தார். பிறகு உண்மையான வருத்தத்தோடு அக்காவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "என்னிடம் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் சேர். குரூப்பில்தான் கேட்டேன்."

"அது தரவு என்றல்லவா நினைத்தேன்."

அக்கா திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "அந்தப் பொம்பள கேள்வி கேட்டுச்சு. நம்ம அத மேற்கோளாக்கிட்டோம்," என்றார். அந்த வாரமே அவர் குழுவிலிருந்து வெளியேறினார். கட்டுரை வெளிவந்தது. அந்தப் பெண்ணின் கேள்வி நல்ல ஆங்கிலத்தில், மேற்கோள் குறிகளுக்குள் இருக்கிறது. துறைகளுக்கிடையில் தடையற்ற உரையாடல் நடந்ததாக முன்னுரை சொல்கிறது. அதைப் படித்து எனக்கு வந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. யாரைத் திட்டுவது என்றும் தெரியவில்லை. கெட்டவர் என்று அதில் ஒருவரும் இல்லை.

சென்ற மாதம் பேராசிரியர் புது ஆய்வு ஒன்று தொடங்கினார். அக்கா கட்டாயம் வேண்டும், நீதான் பேசவேண்டும் என்றார். பேசினேன்.

"வர்றேன்," என்றார் அக்கா. "ஆனா குரூப்பு வேணாம். எல்லாரையும் பஸ் ஏறி இங்க தோட்டத்துக்கு வரச்சொல்லு. பள்ளிக்கூடத்து வாங்குல ஒக்காந்து பேசுவோம். கேள்வி கேட்டா மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லட்டும்."

பேராசிரியரிடம் சொன்னேன். அருமையான யோசனை, இதைத்தான் முதலிலேயே செய்திருக்கவேண்டும் என்று மனம் நெகிழ்ந்து சொன்னார். அன்று மாலையே என் கைபேசி அதிர்ந்தது. அந்தச் சந்திப்பைத் திட்டமிட அவர் ஒரு புதுக் குழு தொடங்கியிருந்தார். அக்காவையும் அதில் சேர்த்திருந்தார். எந்த நாள் வசதி என்று எல்லாரும் வாக்களிக்கவேண்டுமாம். சற்று நேரத்தில் அக்கா வெளியேறிவிட்டார் என்று ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே வாக்கெடுப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. நான் வருகிற சனிக்கிழமை ராகலைக்குப் போகிறேன். குழுவில் சொல்லவில்லை.