மாத்திரைக்குப் பத்தியம்

எனக்குக் கொலஸ்ட்ரால் ஏறியிருக்கிறது என்று தெரிந்த அன்று என்னைவிட ஆடிப்போனவள் என் மனைவி. உடனே சுறுசுறுப்பானவளும் அவள்தான்.

தாம்பரம் டாக்டர் ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிவிட்டு, "எண்ணெய், நெய், தேங்காய் குறைச்சுக்கோங்க. ட்ரிங்க்ஸ் பழக்கம் உண்டா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "மோர் குடிச்சாலே தூங்கிடுவார்" என்று மானத்தை வாங்கினாள். அடுத்து பழத்தைப் பற்றி அவர் ஏதோ ஆரம்பித்தார். "பழமெல்லாம் நான் பாத்துக்கறேன் டாக்டர்" என்று எழுந்தேவிட்டாள். வெளியே கூட்டம். அவரும் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

அவள் பிறந்த வீட்டில் மருந்து என்றால் பத்தியம் உண்டு. லேகியம் தின்றாலும் கஷாயம் குடித்தாலும் புளி, கத்தரிக்காய், அகத்திக்கீரை, கருவாடு எல்லாம் விலக்கு. இங்கிலீஷ் மாத்திரைக்கு அதெல்லாம் கிடையாது என்று மன்றாடினேன்.

"மருந்துன்னா மருந்துதாங்க. நம்பர் இறங்கட்டும், அப்புறம் புளியைப் பத்திப் பேசுங்க."

அய்யோ, என் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு! வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பிஞ்சாகப் பொறுக்கி வந்து அவள் வைக்கும் அந்தக் குழம்புக்காகத்தான் நான் வாரம் முழுக்க ஆபீஸில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அதிலேயே கை வைத்துவிட்டாள். அது திரும்பக் கிடைக்கவேண்டுமானால் நம்பர் இறங்கியாக வேண்டும்.

அதன்பின் எங்கள் முடிச்சூர் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு, பீர்க்கங்காய்க் கூட்டு, மறுபடி சுரைக்காய்க் கூட்டுதான். சந்தையில் என்னைக் கத்தரிக்காய்க் கூடைக்கு எதிர்ப்பக்கமாகவே நடத்திப் போவாள். "இன்னா சார், கண்டுக்காம போற? பிஞ்சா கீது, பாரு!" என்று கடைக்கார அம்மா கூவினாலும், "சார் மருந்துல இருக்காரு" என்பாள், ஏதோ நான் மலைக்கு மாலை போட்டிருக்கிற மாதிரி.

என் வாடிய மூஞ்சியைப் பார்த்துப் பக்கத்து வீட்டு டீச்சருக்கு மனசு கேட்கவில்லை. தோட்டத்து மரத்திலிருந்து பம்ப்ளிமாஸ் அனுப்ப ஆரம்பித்தார். தேனாய் இனித்தது. அவள் அறிந்த பத்தியத்தில் பம்ப்ளிமாஸுக்குத் தடை இல்லை. தினமும் ராத்திரி தடித்த தோலைப் பிய்த்து, வெள்ளைச் சவ்வை உரித்து, சுளைகளைக் கிண்ணத்தில் போட்டு, பக்கத்தில் மாத்திரையையும் வைப்பாள்.

"பழத்தோடயே முழுங்குங்க. மருந்து நல்லாப் பிடிக்கும்."

கொஞ்ச நாளில் என் தொடையெல்லாம் வலிக்க ஆரம்பித்தது. மொட்டை மாடிக்கு ஏறினால் 'அப்பாடா, அம்மாடி' என்று படிக்குப் படி முனகினேன். எல்லாம் புதிதாக வாக்கிங் போவதால்தான் என்று இருவருமே முடிவு செய்துகொண்டோம்.

மறுபடி ரத்தம் பார்த்தபோது நம்பர் ஜோராக இறங்கியிருந்தது. எனக்குக் குழம்பு வாசனையே வந்துவிட்டது. டாக்டர்தான் விடவில்லை. "உடம்பு வலி ஏதாவது?" என்றார். தொடையைச் சொன்னேன். என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். அவள் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து பம்ப்ளிமாஸில் முடித்தாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, புளி சாப்பிடலாம். கத்தரிக்காய் தாராளமா சாப்பிடலாம். இந்த மாத்திரைக்கு ஆகாத பழமே அதுதான். மருந்து உடம்புல தேவைக்கு மேல தங்கிடும், அதுல சதை வலி வரலாம். இன்னைக்கே நிறுத்துங்க. எதுக்கும் இன்னொரு டெஸ்ட் எடுத்துடலாம்."

நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. டெஸ்ட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் ஆட்டோவில் வெளியே பார்த்தபடியே வந்தாள்.

"நானே உரிச்சு உரிச்சுக் குடுத்து உங்க காலைக் கெடுத்துட்டேனேங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அட, விடும்மா. கால் எங்கே போயிடுச்சு? கத்தரிக்காய் வாங்கு முதல்ல" என்றேன். வழியில் காய்கறிக் கடை முன்னால் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள்.

எண்ணெயைக் குறைத்துத்தான் வைத்தாள். ஆனாலும் குழம்பு குழம்புதான். முதல் கவளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். கண்ணைத் திறந்தால், எப்போதும் எனக்குப் பரிமாறிவிட்டு அப்புறம் உட்காருகிறவள், எதிரே தட்டை வழித்துவிட்டு இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்!

"ஏம்மா, பத்தியம் எனக்குத்தானே?"

"இத்தனை நாளா உங்களைப் பத்தியத்துல உட்கார வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிங்க சாப்பிடுவேன்?" என்றாள், வாயில் சோற்றோடு.

சட்டியில் மிச்சமிருந்த கத்தரிக்காயையெல்லாம் வழித்து அவள் தட்டில் போட்டேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லவில்லை.