செத்த வீட்டுப் பலகை

ஜெர்மனியின் ஆஹென் நகரில், எங்கள் தேவாலய மண்டபத்தில் அன்று ஆப்பிள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு துண்டும் தொடவில்லை. சுவரில் பெரிதாக ஒரு படம். வறண்ட செம்மண் வெளி, ஒரு சின்ன வீடு, அதன் வாசலில் நாங்கள் அடித்த மரச் சாய்தளம். அமெரிக்காவில் நவஹோ பழங்குடி மக்களுக்கு மூன்று வாரம் ஊழியம் செய்துவிட்டு வந்த இளைஞர் குழு நாங்கள். அதில் ஒரேயொரு கறுத்த முகம் என்னுடையது. அதனால் மேடையில் சாட்சி சொல்லவும் என்னையே பிடித்திருந்தார்கள்.

அந்த வீட்டில் பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒரு பெண்ணும் அவருடைய புருஷனும் இருந்தார்கள். புருஷனுக்கு விபத்தில் கால்கள் போய்விட்டன. வாசலில் நான்கு படி. சக்கர நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்க இரண்டு பேர் வேண்டும். சாய்தளம் நல்ல காரியம்தான், இல்லையென்று நான் சொல்லவில்லை.

வரவேண்டிய மரம் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் குழுத் தலைவருக்கு அட்டவணை ஒருநாள் பிந்தினால் காய்ச்சலே வந்துவிடும். பின்வளவில் ஒரு பழைய மரவீடு பாழாய்க் கிடந்தது. வடக்குச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. "நல்லாய்க் காய்ந்த பலகை, வீணாகக் கிடக்கிறதே! புதுமரம் வெட்டாமல் செய்தால் பூமிக்கும் நல்லது," என்றார். அவர்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் அதைக் கழற்றி, அந்தப் பலகையிலேயே சாய்தளத்தை அடித்து முடித்தோம். ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று பதினொரு பேரில் ஒரு மூளைக்கும் தோன்றவில்லை, என்னுடையதையும் சேர்த்துத்தான்.

பின்னேரம் திரும்பி வந்த அந்தப் பெண் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார். புருஷனின் தாய் அந்த மரவீட்டுக்குள்தான் செத்தாராம். உடலை வெளியே எடுக்க உடைத்ததுதான் அந்த ஓட்டை. அதற்குப் பிறகு ஒருவரும் உள்ளே போவதில்லை, ஒரு குச்சிகூட எடுப்பதில்லை, அடுப்பெரிக்கக்கூட. "என் புருஷன் இதன்மேல் போகமாட்டார். எங்கள் ஆட்கள் இதைத் தொட்டுக் கழற்றவும் மாட்டார்கள்," என்றார். சத்தமே போடவில்லை. போட்டிருக்கலாம்.

நான் தலைவரிடம் ஓடினேன். "அவர்கள் ஞானஸ்நானம் எடுத்தவர்கள்தானே? இந்த மூடநம்பிக்கையை நாம் வளர்க்கக்கூடாது," என்றார். மூடநம்பிக்கையாம்! பதின்மூன்றாம் இலக்க மேசையில் உட்காராத மனுஷன்!

திரும்பிப் போய் அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? தலைவர் மன்னிப்புக் கேட்டார், கழற்றுவதற்கு ஆள் அனுப்புவார் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் விடியப் புறப்பட்டோம்.

ஒரு மாதம் கழித்து, இந்த கேக் கொண்டாட்டத்துக்கு முதல்நாள், அவரிடமிருந்து செய்தி வந்தது. ஆள் எப்போது வரும்? முன்வாசல் முழுக்க அதுதான் நிற்கிறது, இவர் வீட்டுக்குள்ளேயே கிடக்கிறார்.

மேடையில் ஏறி அந்தப் பலகையின் கதையையும் வந்த செய்தியையும் சொன்னேன். அங்கேயுள்ள சபைக்கு ஒரு ஃபோன் எடுத்து, அதைக் கழற்றிப் புதுமரத்தில் அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். போதகர் மைக்கை மெதுவாக வாங்கி, "உணர்ச்சிபூர்வமான பகிர்வுக்கு நன்றி, குழுவில் பேசுவோம்," என்றார். கோப்பி ஊற்றத் தொடங்கினார்கள். அட கோதாரி!

அம்மா என்னை உடுப்பு மாட்டும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"என்ன பிள்ளை உது? நாங்கள் அகதி முகாமில கிடக்கேக்க உடுப்பும் பாயும் கொண்டுவந்து தந்த சனம். அவையின்ர முகத்தில கரி பூசிறியோ?"

"செத்த வீட்டுப் பலகை அம்மா. உங்கட வீட்டு வாசலில அடிச்சால் மிதிப்பியளோ?"

யாழ்ப்பாணத்தில் அம்மப்பா செத்த கட்டிலை வளவுக்கு வெளியே போடும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காத ஆள் அம்மா.

"சரி. அந்தப் பிள்ளைக்கு ஆள் வரும் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான்."

"ஏன் பொய் சொன்னனீ?"

"வேற என்னத்தைச் சொல்ல? இவையைப் பற்றி ஒரு குறை சொல்லக் கூடாதெண்டு நீங்கள்தானே வளர்த்தனீங்கள்!"

கத்திவிட்டேன். கோட்டு எடுக்க வந்த ஒரு பாட்டி திரும்பிப் போய்விட்டார். அம்மா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"நான் போதகரோட கதைக்கிறன். எனக்குத் தெரிஞ்ச டொச் பாஷையில கதைக்கிறன். நீ இப்பவே அந்தப் பிள்ளைக்கு ஃபோன் எடுத்து உண்மையைச் சொல்லு. என்ர கண்ணுக்கு முன்னால."

எடுத்தேன். அங்கே காலை நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். நான் வாயைத் திறக்க முன்னமே அவருடைய குரல் சந்தோஷமாக வந்தது.

"ஆட்கள் புறப்பட்டுவிட்டார்களா?"