எதிர்க்கட்சிக்காரி அர்லீன்

அர்லீன் பெக்மன் பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். தேர்தல் வந்தால் அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு ஓட்டுச் சீட்டைக் கொண்டுபோய், அவர்கள் போட்டதும் உறையில் இட்டு ஒட்டி வாங்கி வருவது. எங்கள் இண்டியானா மாநிலத்தில் இதற்கு இரண்டு பேர் சேர்ந்துதான் போக வேண்டும். ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. ஒரு கட்சிக்காரரை மட்டும் நம்பிச் சீட்டைக் கொடுக்கச் சட்டத்துக்கு மனம் வரவில்லை. நான் அப்போது தேர்தல் அலுவலகத்தில் குமாஸ்தா. அந்த இருவரையும் அனுப்பிவைப்பது என் பொறுப்பு.

அர்லீனோடு போனவர் வெண்டல் ரட்டர், வான்கோழிப் பண்ணைக்காரர். இருபத்து நாலு வருடம் இருவரும் ஒரே காரில் சுற்றினார்கள். எங்கள் பக்கம் கட்சி என்பது பிறக்கும்போதே வந்துவிடும். அர்லீனின் முன்னோர் ஜெர்மனியிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள். வந்தேறிகளை விரட்டச் சொன்னவர்கள் எதிரணியில் சேர்ந்துகொண்டதால் இவர்கள் ஜனநாயகக் கட்சியில் ஒதுங்கினார்கள். வெண்டலின் கொள்ளுத்தாத்தா உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் ஒரு காலை இழந்தவர். அதன்பின் அந்த வீட்டில், அப்போது வடக்கை ஆண்ட குடியரசுக் கட்சியைத் தவிர வேறு பேச்சில்லை.

“உங்க கட்சி மாதிரியே இருக்கு உன் காபி. வெறும் தண்ணி” என்பார் வெண்டல்.

“ஓசிக் காபிக்கு இவ்வளவு வாய் உங்க கட்சிக்காரனுக்குத்தான் வரும்” என்பார் அர்லீன்.

ஒருமுறை, பேச்சு இழந்த ஒரு கிழவிக்காக அவள் மகன் சீட்டைப் போட முயன்றான். போட்டிருந்தால் அது வெண்டலின் கட்சிக்குத்தான் போயிருக்கும். வெண்டலே சீட்டை வாங்கி, ஒன்றும் போடாமல் வெறுமையாகவே மடித்துவிட்டார். அர்லீன் இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

பிறகு வெண்டலுக்கு மறதி வந்தது. முதலில் வழி மறந்தது, அப்புறம் பெயர்கள். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு அக்டோபரில், வீட்டில் ஓட்டுப் போடுகிறவர்களின் பட்டியலில் அவர் பெயரே வந்தது. மகள் கோனி விண்ணப்பித்திருந்தாள். வேறு ஜோடியை அனுப்பட்டுமா என்று அர்லீனிடம் கேட்டேன். புது ஆட்களைப் பார்த்தால் அவர் மிரண்டுவிடுவார், நானே போகிறேன் என்றார். குடியரசுக் கட்சி சார்பில் டெஸா என்ற இளம்பெண் உடன் போனாள். அங்கே நடந்ததை டெஸாதான் பின்னால் எனக்குச் சொன்னாள்.

வெண்டலுக்கு அர்லீனைத் தெரிந்தது. எழுந்து கோட்டைத் தேடினார்.

“கிளம்பலாமா? இன்னைக்கு எத்தனை வீடு?”

“இன்னைக்கு ஒரே வீடுதான், வெண்டல். உட்காரு.”

சீட்டை முன்னால் வைத்தார்கள். வெண்டல் பேனாவோடு வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், “நான் எந்தக் கட்சி, அர்லீன்?” என்று கேட்டார்.

அதைச் சொல்ல அர்லீனுக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. மேலே ஒரே ஒரு கட்டத்தில் கோடிட்டால் கட்சிக்கு மொத்த ஓட்டும் போய்விடும், அவர் யாருக்குப் போடுவார் என்று ஊருக்கே தெரியுமே என்று டெஸா அர்லீனின் காதில் கிசுகிசுத்தாள். அர்லீன் தலையசைத்து மறுத்தார். யாருக்குப் போட விருப்பம் என்று வெண்டலிடம் மூன்று தரம் கேட்டார்.

வெண்டல் சிரித்தார். “நீ போடுறதையே எனக்கும் போட்டுடு. நீ பொய் சொல்லமாட்ட.”

அர்லீன் அவர் விரல்களிலிருந்து பேனாவை மெல்ல எடுத்தார். ஒரு கோடும் இல்லாத சீட்டு உறைக்குள் போனது. அர்லீனும் டெஸாவும் கையெழுத்திட்டார்கள்.

கடைக்குப் போயிருந்த கோனி அப்போதுதான் உள்ளே வந்தாள். சீட்டு வெறுமையாகப் போனதைக் கேட்டதும் முகம் மாறியது.

“எங்க அப்பா உங்களை நம்பினாரு. கடைசியில அவர் ஓட்டையே இல்லாம பண்ணிட்டீங்க. உங்க கட்சிக்கு ஒரு ஓட்டு லாபம்.”

அர்லீன் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காரில் ஏறிய பிறகு, வெண்டல் கடைசியாகச் சொன்னதைக் கோனியிடம் சொல்லியிருக்கலாமே என்றாள் டெஸா.

“சொன்னா, அப்பா சாகப்போற காலத்துல கட்சி மாறிட்டார்னு அவ நினைப்பா. அது உண்மையும் இல்ல. அவளுக்கு அது வேண்டாம்.”

செய்தி ஊரில் பரவியது. குடியரசுக் கட்சிக்காரர்கள் அர்லீனை நீக்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார்கள். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய சொந்தக் கட்சியின் மாவட்டத் தலைவர் அலுவலக வாசலில் அவர் தோளைத் தட்டி, “கெட்டிக்காரி” என்று கண்ணடித்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அர்லீன் அன்றே தேர்தல் வேலைக்கான அடையாள அட்டையை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தேர்தல் முடிந்த மூன்றாவது வாரம் வெண்டல் இறந்தார். இறுதிச் சடங்குக்கு வரவேண்டாம் என்று கோனி சொல்லி அனுப்பியிருந்ததால் அர்லீன் போகவில்லை. அன்று முழுக்க வீட்டில்தான் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். நாலு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகுதான் டெஸா என்னிடம் வாய் திறந்தாள். நான் கோனியை மளிகைக் கடை வாசலில் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ.

“இதை என்கிட்ட அவங்களே சொல்லியிருக்கலாமே” என்றாள் கோனி. பைகளைக் காரில் வைத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள்.