புளியில் ஊறிய ரவைக்கோதுகள்

ஆண்டு நினைவு மலருக்கு அக்காவைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். அவர் உயிரோடு இருந்த காலத்திலும் அப்படித்தான்.

அக்கா யாழ்ப்பாணத்து அளவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா நேரத்துடனே காலமாகிவிட, அம்மாவோடு சேர்ந்து என்னை வளர்த்தவர் அவர்தான். ஷெல் விழத் தொடங்கினால் என்னைப் பதுங்குகுழிக்குள் தள்ளிவிட்டுத் தான் வாசலில் குந்தியிருப்பார். நான் அவருடைய பாவாடையைப் பிடித்தபடி நடுங்குவேன். அந்த நடுக்கமும் என்னோடு விமானம் ஏறிச் சுவிசுக்கு வந்துவிட்டது. சுவிஸ் தேசிய தினமான ஓகஸ்ட் முதலாம் திகதி வாணவேடிக்கை என்றால் இன்றும் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பவன் நான். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

எனக்கு முன்னரே சுவிசுக்கு வந்த அக்கா, வில் என்ற நகரத்தின் தொழிற்சாலையொன்றில் கால்கடுக்க நின்று உழைத்து, என்னை இங்கே அழைப்பித்து, கலியாணமும் செய்துவைத்தார். தனக்கென்று ஒன்றையும் பார்க்கவில்லை. சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்த பிறகு, கூட வேலைசெய்த சுவிஸ் பெண்மணி ஒருவர் கூப்பிட்டார் என்று துப்பாக்கி சுடும் கழகத்தில் போய்ச் சேர்ந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

“அக்கா, உங்களுக்கென்ன விசரே?”

“சத்தத்துக்குப் பயந்து ஓடி ஓடிக் களைச்சுப் போனன் தம்பி. இனி நான் போடுற சத்தத்தை நானே கேட்டுப் பாப்பம்.”

சுட்டு முடிந்த ரவைகளின் பித்தளைக் கோதுகளை அவர் வீசமாட்டார். அடியில் மருந்தைப் பற்றவைத்து வெடித்துப்போன சிறு மூடியைத் தட்டி எடுத்து, கோதைக் கழுவி, அரைத்த வால்நட் ஓட்டோடு உருளையில் சுழலவிட்டு மினுக்கி, மூடியும் மருந்தும் குண்டும் புதிதாக அடைப்பார். ஈயத்தூசு கூடாது என்று கையுறை இல்லாமல் தொடவும்மாட்டார். எல்லாம் நாங்கள் சேர்ந்து குடியிருந்த கட்டடத்தின் கீழே, கெல்லர் எனும் நிலவறையில்தான் நடக்கும். மதிய ஓய்வு நேரத்தில் உருளை கடகடக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்ததால், மினுக்காத கோதுகள் நிறைந்த வாளி எங்கள் குசினிக்கு வந்தது. பக்கத்தில் ஒரு தயிர்க்கோப்பை. வெடிக்க மறுத்த ரவைகளிலிருந்து குண்டையும் மருந்தையும் அகற்றி, கோதுகளை அதற்குள் தனியாக வைத்திருந்தார். அவற்றின் அடிமூடிகள் மட்டும் இன்னும் வெடிக்காதவை. பார்வைக்கு மற்றக் கோதுகளைப் போலவே இருக்கும்.

நவராத்திரிக்கு முதல்நாள் என் மனைவி குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளையைக் கண்டால் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இராதே! வாளியையும் கோப்பையையும் ஒன்றாகப் புளித்தண்ணீருக்குள் கவிழ்த்து, தேய்த்துக் கழுவி, தட்டில் பரப்பி, கெதியாய்க் காயட்டும் என்று ஓவனை முழுச் சூட்டில் விட்டுவிட்டாள். காலை வேலை முடிந்து அக்கா வந்தார்.

“மச்சாள், உங்கட கோதெல்லாம் பவுண் மாதிரி மினுங்குது. ஓவனுக்க காயுது.”

அக்கா சப்பாத்தும் கழற்றவில்லை. கழுவிக் கவிழ்த்திருந்த தயிர்க்கோப்பையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“சின்னவள் எங்க?”

எங்கள் மகள் பக்கத்து அறையில் நித்திரை. ஓடிப்போய்த் தூக்கினேன். “அதுக்குள்ள வெடிக்கிறது கிடக்கு. வெளியில போங்கோ எல்லாரும்!” என்றார் அக்கா.

“நீங்களும் வாங்கோ அக்கா. பொலிசுக்கு போன் அடிப்பம்.”

“நீ வெளியில நில்லடா. நான் பாத்திட்டு வாறன்.”

கதவு சாத்தப்பட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு படிக்கட்டில் நின்றேன். “ஐயோ, நான் என்ன செய்துபோட்டன்” என்று மனைவி அழுதாள். பிள்ளையின் காதைப் பொத்துவதா என் காதைப் பொத்துவதா என்று தெரியவில்லை. டப் என்று ஒரு சத்தம் கேட்டது. அக்கா போய்விட்டார் என்றே நினைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தார்.

“ஓவன் கரண்டை நிப்பாட்டிப்போட்டுக் குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டனான். ஓவன் கண்ணாடிதான் உடைஞ்சு போட்டுது.” மனைவியை ஒரு சொல் ஏசவில்லை. “விளக்கை நல்லா மினுக்கியிருக்கிறாய் பிள்ளை. என்ர வாளியில மட்டும் இனிக் கைவையாதை” என்றார். நான் அந்தப் படியிலேயே இருந்து வாய்விட்டு அழுதேன்.

கடந்த வருடம் அவருடைய இதயம் பழுதானது. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்போது நான் கட்டில் கம்பியை விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

“பயப்பிடாதை. நீ வெளியில நில்லடா. நான் பாத்திட்டு வாறன்.”

கதவு சாத்தப்பட்டது. நான் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவர் வைத்தியர்.

அந்த வாசலில் என்னோடு நின்றவர்கள், எங்கள் வீட்டு அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்தவர்கள், தேவாரம் பாடியவர்கள், தூர இடங்களிலிருந்து ரயிலேறி வந்து தோள் கொடுத்தவர்கள் எல்லோரையும் கும்பிடுகிறோம். கீழ்வீட்டுக்காரரும் மலர்வளையத்தோடு வந்தார். அவருக்கும் எங்கள் நன்றி.

கழகத்து நண்பர்கள், தங்கள் மைதானத்தில் அக்காவின் நினைவாக ஒரு வேட்டு வைக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் எப்படிப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பது அவர்களுக்குத் தெரியும். வையுங்கள் என்றேன். வைத்தபோது நான் காதைப் பொத்தவில்லை. சத்தம் அடங்கிய பிறகு, கழகக் கட்டடத்தின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.