மூன்று கோட்டிங் பச்சை

அவரை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய பட்டம் இல்லை. டைல்ஸ் ஒட்டக் கூப்பிட்ட வீட்டுக்குப் போனால் அவர் முதலில் அளவு எடுக்க மாட்டார். சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்பார். "இந்த இடம் பொக்குன்னு இருக்கு" என்பார். வீட்டுக்காரரின் முகம் நோயாளியின் சொந்தக்காரர் முகம் மாதிரி ஆகிவிடும். அடுத்து, "இந்தப் பெயிண்டுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேட்பார். தன் வீட்டுச் சுவரில் பெயிண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் மனிதரை அவர் இன்னும் சந்திக்கவில்லை.

டைல்ஸ் வேலைக்கு வருவதற்கு முன் பதினோரு வருடம் அவர் பெயிண்டராக இருந்தார். வாழ்க்கையின் முதல் பாதியில் சுவர்களுக்குப் பெயிண்ட் பூசினார். இரண்டாம் பாதியில் அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். "எங்க வீட்டுக்காரர் முன்னேறிட்டார்" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்வது இதைத்தான்.

மனைவியின் அக்காவைக் கட்டியவர், அதாவது டாக்டரின் சகலை, ஓர் அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அந்த வேலை அவருக்கு மாலை ஐந்து மணியோடு முடிவதில்லை. தெருவில் யாராவது பள்ளம் தோண்டினால் அதன் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பள்ளம் தோண்டுவதில் அவருக்குத் தெரியாத நுணுக்கம் கிடையாது, மண்வெட்டியைத் தொட்டதில்லை என்பதைத் தவிர.

அந்தச் சகலை தன் சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டுவது என்று முடிவு செய்து டாக்டரை அழைத்தார்.

சமையலறைக்குள் நுழைந்ததும் டாக்டர் சுவரைத் தட்டாமல் நின்றுவிட்டார். நாலு பக்கமும் பளபளவென்று பச்சை எண்ணெய்ப் பெயிண்ட். ஒன்பது வருடம் முன்னால் அதை அடித்தவர் அவரேதான். அப்போது அவருக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். சுவரில் பழைய சுண்ணாம்பு இருந்தது. கையால் தடவினாலே மாவாக உதிரும். அதை முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் பெயிண்ட் அடிக்க வேண்டும். "நாளைக்குள்ள முடிச்சிடுவீங்கல்ல சகலை?" என்று சகலை கேட்டார். புது மாப்பிள்ளைக்கு வீறாப்பு. சுண்ணாம்பின் மேலேயே மூன்று கோட்டிங் பச்சையைப் பூசி, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகவே பிரஷைக் கழுவிவிட்டார். மாமியார் வீட்டில் ஒரு வாரம் அதைத்தான் பேசினார்கள்.

இப்போது டாக்டர் பச்சைச் சுவரில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, அதன் மேல் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் டேப்போடு வந்தது.

"டேப் ஒட்டி இழுத்தா எதுதான் வராது? என் மீசைகூட வரும்" என்றார் சகலை.

"முழுசா சுரண்டணும். எண்ணெய்ப் பிசுக்கு போக சோப்புத்தண்ணியில கழுவணும். அப்புறம் உளியால கொத்திவிடணும். காயவிட்டு பிரைமர் அடிச்சு, அதுக்கப்புறம்தான் டைல்ஸ். பத்து நாள் ஆகும்."

"பத்து நாளா? டைல்ஸ் ஒட்டப் போறீங்களா, சுவருக்கு ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?" சகலை போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் கறைபடாத சட்டை போட்ட ஒருவர், பின்னணி இசையோடு, பெயிண்ட் சுவரில் டைல்ஸை வைத்து அழுத்திவிட்டுச் சிரித்தார். "பாருங்க. எப்படி ஒட்டுது!"

"ஒட்டும் சகலை. பசை பெயிண்ட்ல ஒட்டும். அந்தப் பெயிண்ட் சுவர்ல ஒட்டியிருக்கணுமே?"

"ஏன் ஒட்டாம? அடிச்சது நீங்கதானே!"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. டாக்டர் வாயைத் திறந்தார். "என்னால இப்படியே ஒட்ட முடியாது" என்பதுதான் வெளியே வந்தது. வாசலில் அக்கா, "நெஜமாவே விழுந்துடுமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். "விழலாம்க்கா" என்று இழுத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

சகலை சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டு, டாக்டருக்குத் தலைக்கனம் ஏறிவிட்ட செய்தியைச் சொன்னார். பிறகு 'ஒரே நாள்' என்று பெயர் வாங்கிய ஒரு டைல்ஸ்காரரைப் பிடித்தார். அவர் சுவரைத் தட்டவில்லை, கீறவில்லை, எதையும் கேட்கவில்லை. ஒரே நாளில் முடித்தார். சகலை சொந்தக்காரர்கள் எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டுக் காட்டினார். டாக்டரும் போனார். "பார்க்க அழகா இருக்கு" என்றார். அது பொய் இல்லை.

ஐந்தாவது மாதம், ஒரு காலை. அடுப்பில் பால் பொங்கி வர, அக்கா அணைக்கப் போனார். அடுப்புக்கு மேலே இருந்த இரண்டு வரிசை டைல்ஸ், ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல், கதவு சாய்வது போல மொத்தமாகச் சாய்ந்தது. அக்கா பின்னால் துள்ளியதால் தலை தப்பியது. கால் தப்பவில்லை. புறங்காலில் ஏழு தையல்.

டாக்டர் வந்தபோது சகலை இடிபாடுகளின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "மட்டமான பசை. ஏமாத்திட்டான்" என்றார்.

டாக்டர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துத் திருப்பினார். பின்பக்கம் பசை இரும்பு மாதிரி பிடித்திருந்தது. பசையின் மேல் பச்சைப் பெயிண்ட். பெயிண்டின் மேல் வெள்ளை மாவு.

"பசையில தப்பே இல்ல சகலை. அது பிடிச்சதை விடவே இல்ல. நான்தான் சுண்ணாம்பைச் சுரண்டாம பெயிண்ட் அடிச்சேன். அவசரத்துல. அன்னைக்கு வந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்ல வெட்கமா இருந்துச்சு."

சகலையின் முகத்தில் கோபம் வரவேண்டிய இடத்தில் ஒரு நிம்மதி வந்தது. தவறு தன் பக்கம் இல்லை என்று இவ்வளவு சீக்கிரம் தெரியவரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்த அக்காவிடமும் போய் டாக்டர் அதையே சொன்னார். அக்கா தலையணையை நகர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"சொல்லியிருந்தா மட்டும் இந்த மனுஷன் கேட்டிருப்பாரா?"

"கேட்டிருப்பாருக்கா. என்னைத் திட்டுற சந்தோஷத்துக்காவது கேட்டிருப்பாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கால் வலித்தது. அதனால் கோபமும் வந்தது. "ஒருத்தர் அவசரப்படுத்தினீங்க, ஒருத்தர் அவசரப்பட்டீங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சுரண்டுங்க. நான் பார்க்கணும்."

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் தூக்கி வைத்து, அக்கா பார்த்தார். சகலை வாழ்நாளில் முதல் தடவையாகக் கையில் சுரண்டும் தகடு பிடித்தார். மிச்சமிருந்த டைல்ஸையும் பெயர்த்துவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு இருவரும் சுரண்டினார்கள். பச்சை பாளம் பாளமாக வந்தது. அதற்கடியில் சுண்ணாம்பு, அதையும் சுரண்டினால் சிமெண்ட். முதல் நாள் சாயங்காலம் சகலையின் உள்ளங்கையில் மூன்று கொப்புளம். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவற்றைக் காட்டினார் என்று கேள்வி.

அடுப்புப் பக்கம் இரண்டு தடவை சோப்புத்தண்ணி போட்டுக் கழுவினார்கள். சிமெண்ட் பூச்சை உளியால் அம்மைத் தழும்பு மாதிரி கொத்தினார்கள். டாக்டர் சுவரில் தண்ணீர் தெளித்துக் காட்டினார். பச்சை இருந்தபோது வழிந்து ஓடிய தண்ணீரைச் சுவர் இப்போது உறிஞ்சிக்கொண்டது. "குடிக்குது பாருங்க" என்றார். சகலை தானும் ஒரு கை தெளித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு கை. காயவைக்க வேண்டிய சுவரை நனைத்தே தீர்த்துவிடுவார் என்று அக்கா வாளியை வாங்கி வைத்தார். புது டைல்ஸ் ஒட்டி முடிக்க, பத்து நாள் என்றது பதிமூன்று நாள் ஆனது. மூன்று நாள் கூடியதற்குக் காரணம் சகலையின் உதவி.

இப்போது சகலை இந்தத் துறையில் பெரிய நிபுணர். யார் வீட்டில் டைல்ஸ் என்ற பேச்சு எழுந்தாலும், "பெயிண்ட் மேல ஒட்டினீங்க, தொலைஞ்சீங்க" என்று ஆரம்பிப்பார். "எங்க வீட்ல பெயிண்ட் அடிச்சவன் ஏமாத்திட்டான்" என்று முடிப்பார். அந்தப் பெயிண்டர் சில சமயம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் டாக்டருக்கு அந்த ஏழு தையல் உறுத்திக்கொண்டே இருந்தது. அவசரத்தில் அடித்த வீடு அது ஒன்றுதானா? யோசித்ததில் இன்னும் நாலு வீடு நினைவுக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதல் வீட்டை இடித்துவிட்டு ஜிம் கட்டியிருந்தார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேலை பிடிக்க இப்படியும் ஒரு வழியா? நல்லா இருக்கு" என்று பாராட்டிக் கதவைச் சாத்தினார். மூன்றாவது வீட்டில் அதே மோசமான பெயிண்டின் மேல் ஆறு வருடமாக டைல்ஸ் ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மா பெருமையோடு காட்டினார். டாக்டர் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். டீயைக் குடித்துவிட்டு வந்தார்.

நாலாவது வீட்டுக் கதவைத் திறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. உள்ளே கூடத்தில் டைல்ஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"உங்க குளியலறைக்கு நான்தாங்க பெயிண்ட் அடிச்சேன். சரியா அடிக்கல. அது மேல டைல்ஸ் ஒட்டினா நிக்காதுங்க."

ஆசிரியை அவரை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடமாக வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளின் காரணங்களைக் கேட்டவர். தானாக வந்து ஒப்புக்கொண்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறார்.

"நாளைக்கு ஒட்ட ஆள் வர்றாங்க" என்றார். "சுரண்டுற தகடு கொண்டுவந்திருக்கீங்களா?"

"வண்டியில இருக்குங்க" என்று டாக்டர் படியிறங்கினார்.