பணமாத் தர மாட்டாங்க

என் வீட்டுக்காரருக்கு ஊர்ல தங்கமான மனுஷன்னு பேர். யார் வந்து கையை நீட்டினாலும் இல்லைன்னு சொல்ல அவருக்கு வாய் வராது. 'ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே'ன்னு சொல்வாங்கல்ல, எங்க வீட்டுல நெய்யும் என்னுது, கையும் என்னுது, பேர் மட்டும் அவருக்கு. இத்தனை வருஷம் இதை நான் வெளியில சொன்னதில்லை. இப்ப வயிறு எரியுது, சொல்றேன்.

மயிலாப்பூர்ல குளத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல வாடகைக்கு இருக்கோம். அவருக்குத் தேனாம்பேட்டையில ஆபீஸ். எனக்கு அடையாறுல ஒரு பல் டாக்டர்கிட்ட வரவேற்புல வேலை. மாசம் பொறந்தா வாடகைக்கு ஒண்ணு, பாலுக்கு ஒண்ணு, கேஸுக்கு ஒண்ணு, மருந்துக்கு ஒண்ணுன்னு காக்கி கவர்ல பணத்தைப் பிரிச்சுப் போட்டு, பீரோவுல துண்டுக்கு அடியில வைப்பேன். பத்தாம் தேதி வாக்குல பார்த்தா ஏதாவது ஒரு கவர் இளைச்சிருக்கும். கேட்டா, "பாவம், அவனுக்கு ஒரு அவசரம். நாலு நாள்ல வச்சிடறேன்"ம்பார். அந்த நாலு நாள் எந்தக் காலண்டர்லயும் வந்ததில்லை. பேங்க்ல போட்டேன். கார்டோட ரகசிய நம்பர் அவருக்கும் தெரியும். மாத்தலாம்தான். புருஷன்கிட்ட மறைக்கிறவ பொண்டாட்டியான்னு ஒரு வளர்ப்பு, அந்த நம்பரை மாத்தவிடலை. அதையும் சேர்த்துத்தான் திட்டறேன்.

கிளினிக்ல கூட வேலை செய்யற பொண்ணுதான் யோசனை சொன்னா. "தி.நகர்ல நகைச் சீட்டு கட்டுங்கக்கா. பதினோரு மாசம் கட்டினா சேதாரம் இல்லாம நகை எடுத்துக்கலாம். நடுவுல நீங்களே போய்க் கேட்டாலும் பணமாத் தர மாட்டாங்க." கடைசியா சொன்னா பாருங்க, அதுக்காகத்தான் சேர்ந்தேன். தங்கத்து மேல எனக்கு ஒண்ணும் ஆசை கிடையாது. என் பொண்ணு அப்ப பிளஸ் டூ. பிசியோதெரபி படிக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. நகையா இருந்தா யாரும் கடன் கேட்க மாட்டாங்க, நாளைக்கு அவளுக்கு ஆகும்னு என் கணக்கு.

மாசம் ஆறாயிரம். எனக்கு அது கல்லுல நார் உரிக்கிற வேலை. பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பிங்க் பஸ் வர்ற வரைக்கும் காலி டீலக்ஸ் பஸ்ஸை ரெண்டு மூணு விட்டுட்டு வெயில்ல நிப்பேன். காய்கறி ராத்திரி எட்டு மணிக்கு மேலதான், வாடினதைக் கூறு கட்டி வித்துட்டுப் போகும்போது. பல் கிளினிக்ல உட்கார்ந்துக்கிட்டு என் கடவாய்ப் பல் வைத்தியத்தை அத்தனை மாசமும் தள்ளிப் போட்டேன், வேற என்ன சொல்ல?

பொண்ணுக்கு அவ கேட்ட காலேஜ்லயே சீட் கிடைச்சுது. முதல் தவணை ஐம்பத்திரண்டாயிரம், வெள்ளிக்கிழமை மூணு மணிக்குள்ள கட்டணும், இல்லைன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குப் போயிடும். அந்தப் பணத்தை அவர் தனியா வச்சிருந்தார். "ஃபீஸ் என் பொறுப்பு, நீ அதுல தலையிடாதே"ன்னு சொல்லியிருந்தார். வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மெதுவா ஆரம்பிச்சார். கூட வேலை செய்யறவரோட தங்கச்சி கல்யாணமாம், மண்டபத்துக்குக் கட்டணுமாம், தூக்கிக் கொடுத்துட்டாராம். "திங்கக்கிழமை தந்துடுவான்."

நான் சண்டை போடலை. தட்டைக் கழுவிட்டே மனசுல கூட்டினேன். சீட்டுல ஒன்பது மாசம், ஐம்பத்திநாலாயிரம். ஃபீஸ் போக ரெண்டாயிரம் மிச்சம். என் பணம்தானே, பொண்ணு படிப்புன்னா கொடுக்காமயா போவாங்க, யாரையும் கெஞ்ச வேண்டாம்னு அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நினைச்சாத்தான் இப்பவும் ஆத்திரமா வருது.

மறுநாள் பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பிட்டு, லீவு சொல்லிட்டு, கடை திறக்கும்போதே போய் நின்னேன். விற்பனைக்காரத் தம்பி ரோஸ் மில்க் கொடுத்து, "வீட்ல விசேஷமா மேடம்?"னு கேட்டான். பணமா வேணும்னேன். "பணமாத் தர மாட்டோமே மேடம். நகைதான். அதுவும் பதினோரு மாசம் முடியலை, சேதாரம் முழுசா வரும்." தங்கக் காசா கொடுங்கன்னேன். சீட்டுக்குத் தங்கக் காசு கிடையாதாம். மத்தியானம் வரைக்கும் காத்திருந்து மேனேஜரைப் பார்த்தேன். அவரும் அதையே இன்னும் மரியாதையாச் சொன்னார். யானை வாயில போன கரும்பு, யார்கிட்ட போய் முறையிட? எது வேணும்னு தெரிஞ்சு சேர்ந்தேனோ அதையே அவங்க எனக்குச் சொன்னாங்க.

கல்லு இல்லாததா, சேதாரம் குறைச்சலா ஒரு செயின் கேட்டேன். சேதாரம், வரி எல்லாம் போட்டு ஐம்பத்திநாலாயிரத்துக்கு ஒண்ணு வந்தது. தம்பி அதை என் கழுத்துல போட்டு, கண்ணாடியைத் திருப்பி, "உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்"னான். பார்த்தேன். இருந்துதுதான். கழட்டிக் கொடுன்னேன்.

அடகு வச்சா முக்கால்வாசிதான் கிடைக்கும். அதனால ரெண்டு தெரு தள்ளி, 'பழைய தங்கத்துக்கு உடனடிப் பணம்'னு போர்டு போட்ட கடைக்குப் போனேன். கல்லாவுல இருந்தவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இன்னிக்குத் தேதி போட்டுக் கீது? வாங்கி ஒரு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள விக்கிற?" திருட்டு நகைன்னு நினைச்சாரோ என்னவோ, ஆதாரைக் கேட்டு வாங்கி ரெண்டு தடவை முகத்தைப் பார்த்தார். பொண்ணு ஃபீஸ்னேன். அவர் சிரிக்கலை. "சேதாரத்துக்கு இங்க பணம் இல்லம்மா. உருக்கினா வர்ற தங்கத்துக்குத்தான்." நாற்பத்தைஞ்சாயிரம் தேறுச்சு. ஏழாயிரம் இடிச்சுது.

மணி ரெண்டு பத்து. பொண்ணு போன் பண்ணினா. "அம்மா, கவுண்டர்ல என் பேரைக் கூப்பிட்டுட்டாங்க. கட்டிட்டியா?" அஞ்சு நிமிஷம்னு சொல்லி வச்சேன். என் காதுல ஒரு கிராம் எடையில தங்கத் தோடு. கல்யாணத்துக்கு முன்னாடி, முதல் சம்பளத்துல நானே வாங்கினது. பிறந்த வீட்டுப் பொருளும் இல்லை, புகுந்த வீட்டுப் பொருளும் இல்லை. திருகாணி இறுகிப் போயிருந்தது, சோப்புத் தண்ணி வாங்கித்தான் கழட்டினேன். கழட்டும்போது அழுதேன், வலியாலன்னு கடைக்காரர் நினைச்சிருப்பார். நினைக்கட்டும்னு விட்டேன்.

தோட்டுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் வந்தது. எல்லாத்தையும் என் அக்கவுண்ட்ல போடச் சொல்லி, அங்கேயே நின்னு போன்லயே ஃபீஸ் கட்டினேன். மூணு மணிக்கு இருபது நிமிஷம் இருந்தது. பொண்ணு அந்தப் பக்கம் "தேங்க்ஸ்மா"ன்னா. நகை சேர்க்கப் போனவ காதுல இருந்ததையும் கொடுத்துட்டு வெறுங்காதோட தெருவுல நின்னேன். வெறுங்காதோட வீட்டுக்குப் போகக் கூடாதாமே, பாண்டி பஜார் பிளாட்பாரத்துல நாற்பது ரூபாய்க்குக் கவரிங் தோடு வாங்கி மாட்டிக்கிட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். ஃபீஸ் கட்டியாச்சுன்னேன். எப்படின்னு கேட்கலை. "பார்த்தியா, எல்லாம் தானா நடக்குது"ன்னார். காபியைக் குடிச்சுக்கிட்டே என் காதைப் பார்த்தார். "புதுத் தோடா? நல்லா இருக்கே. கையில காசு வச்சிருப்பே போல. ஒரு அஞ்சாயிரம் இருக்குமா? திங்கக்கிழமை தந்துடறேன்."

திங்கக்கிழமை வந்தது, போச்சு. மண்டபத்துக்குன்னு வாங்கினவரும் தரலை, இவரும் கேட்கலை. அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் நான் நேரா தி.நகர் போய் அதே கடையில உட்கார்ந்தேன். அதே தம்பி, புது அட்டை. அவன் விவரம் சொல்ல ஆரம்பிக்கும் முன்னாடி நானே கேட்டேன்.

"நடுவுல பணமாத் தர மாட்டீங்கல்ல?"

"மாட்டோம் மேடம்."

"என் வீட்டுக்காரர் வந்து கேட்டாலும்?"

"தர மாட்டோம் மேடம்."

"நானே வந்து அழுதாலும்?"

அவன் என் காதைப் பார்த்துட்டுக் கீழே குனிஞ்சுக்கிட்டான். "தர முடியாது மேடம்."

அப்ப எழுதிக்கோன்னு சொல்லி ஆறாயிரத்தை எடுத்து வச்சேன்.